பிறர் தேவையை முன்வைத்தல்: கிறிஸ்தவ ஆண்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக" என்று பிலிப்பியர் 2:4 கூறுகிறது. அப்படியானால் ஒரு விசுவாசி தன் தேவைகளை முற்றிலும் மறந்துவிட வேண்டுமா?

பதில்: தேவையே இல்லாதவனைப் போல நடக்கும்படி பவுல் கேட்கவில்லை. காவலில் இருந்தபடி இதை எழுதிய அவர், அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் எப்பாப்பிரோதீத்துவைக் குறித்துச் சொல்வதைப் படியுங்கள். பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவியைப் பவுலிடம் கொண்டுவந்த அந்த மனிதர் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார். ஆனாலும் அவரை அதிகம் வருத்தியது, அந்தச் செய்தி சபையாரின் காதுக்கு எட்டி அவர்கள் கலங்குவார்களே என்பதுதான். பவுலும் தமக்கு மிகவும் தேவைப்பட்ட அந்த உடன்வேலையாளைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், அவர்கள் மனம் ஆறும்படி திருப்பி அனுப்பிவிட்டார். அவரவர் தேவை அப்படியே இருந்தது. தீர்மானம் எடுக்கும் நேரத்தில் அது முன்னிடம் பிடிக்கவில்லை.

கேள்வி: நான் சபை ஊழியத்தில் முழுமனதோடு ஈடுபட்டிருக்கிறேன். மாலை நேரங்கள் பெரும்பாலும் ஜெபக்கூட்டங்களிலும் வீடு சந்திப்பிலும் கழிகின்றன. என் மனைவி இதைக் குறையாகச் சொல்கிறார். பிறருக்காகச் செய்யும் வேலையை வீட்டாருக்காக நிறுத்தலாமா?

பதில்: சகோதரரே, உங்கள் மனைவியும் பிள்ளைகளும் அந்தப் "பிறர்" என்ற கணக்கில் வரவில்லையா? இதை நான் கண்டிப்போடும் அக்கறையோடும் கேட்கிறேன். ஏனெனில், உற்சாகமான ஊழியர்கள் அடிக்கடி இடறுகிற இடம் இதுவே என்று நினைக்கிறேன். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடுகிற வழக்கத்தை இயேசு மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதும், குடும்பத்திலுள்ள விதவைகளை யார் பராமரிப்பது என்ற நடைமுறைக் கேள்வியின் நடுவிலேதான். சபையில் செய்கிற உதவியை நாலு பேர் பார்க்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக இரவு விழித்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. எபேசியர் 5:25 புருஷனுக்குக் காட்டும் மாதிரி, சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து. ஆகவே ஊழியத்தை விட்டுவிட வேண்டாம். எந்த மாலைகளில் வீட்டில் நீங்கள் தேவை என்பதை முதலில் உங்கள் மனைவியையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். மீதியுள்ள நேரத்தில் கூட்டங்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடும்பத்தின் தலைவன் ஆண் என்று வேதம் சொல்லும்போது, அவன் எப்போதும் விட்டுக்கொடுத்தால் தலைமை என்னவாகும்?

பதில்: ஆதியாகமம் 13-ஐப் பாருங்கள். ஆபிராம் மூத்தவர், வாக்குத்தத்தம் பெற்றவர். ஆயினும் தம் மேய்ப்பர்களுக்கும் தம் சகோதரன் மகனான லோத்துவின் மேய்ப்பர்களுக்கும் சண்டை வந்தபோது, எந்த நிலத்தை வேண்டுமானாலும் முதலில் தெரிந்துகொள்ளும்படி லோத்துவிடமே விட்டார். லோத்து நீர்வளமுள்ள சமபூமியை எடுத்துக்கொண்டார். அதனால் ஆபிராமின் தலைமை எள்ளளவும் குறையவில்லை.

கேள்வி: பிறருடைய உண்மையான தேவை எது என்பதை எப்படி அறிவது? நான் செய்யும் உதவி பல வேளைகளில் அவர்களுக்குப் பயன்படாமல் போகிறது.

பதில்: கேட்டறியுங்கள். எரிகோவின் வழியருகே பர்திமேயு என்ற குருடன் கூப்பிட்டபோது, அவனுடைய குறை எல்லாருக்கும் தெரிந்ததே. அப்படியிருந்தும் இயேசு நின்று, தாம் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). அந்தக் கேள்வி அவனைப் பரிதாபத்துக்குரிய பொருளாக அல்ல, சொல்லுரிமையுள்ள மனிதனாக நடத்தியது. நாம், குறிப்பாக ஆண்கள், பிரச்சினையைக் கேட்டவுடன் தீர்வோடு பாய்ந்துவிடுகிறோம். துக்கத்தில் இருப்பவருக்கு ஆலோசனையும், கூட உட்கார்ந்திருக்க ஆள் தேடுகிறவருக்குப் பணமும் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். நமக்குச் செய்ய எளிதானதை மற்றவருடைய தேவை என்று பெயரிடுவது சுயநலத்தின் நுட்பமான வடிவம். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடப்பட்டுப்போனார்கள் என்ற முறையீடு எழுந்தபோது, அப்போஸ்தலர் அதை முறுமுறுப்பென்று தள்ளிவிடவில்லை. பொறுப்பேற்க ஏழு பேரை நியமிக்கச் செய்தார்கள். குறை சொல்கிறவரின் வாயிலிருந்தே தேவை வெளிப்படும் என்பதை அங்கே கற்கிறோம்.

கேள்வி: சபையில் ஒரு சகோதரர் திரும்பத் திரும்பப் பணம் கேட்கிறார். மறுப்பது பாவமா?

பதில்: இல்லை. கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் சொல்கிறது, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் சொல்கிறது. வியாதியும் வேலையிழப்பும் அவரைத் தாக்கியிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். வேலைசெய்ய மனதில்லாமல் கேட்கிறார் என்றால், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும்கூடாது என்று 2 தெசலோனிக்கேயர் 3:10 சொல்வதை நினைத்து, பணம் கொடுப்பதைவிட வேலை தேட உதவுவதே அவருக்கு நன்மை. எதுவானாலும், மறுப்பை நேரில், மரியாதையோடு சொல்லுங்கள். தொலைபேசியை எடுக்காமல் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: களைத்துப்போகிறேன். ஓய்வு கேட்பது சுயநலமா?

பதில்: சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களைச் சற்றே இளைப்பாறும்படி தனிமையான இடத்துக்கு அழைத்தவர் இயேசுவே (மாற்கு 6:31). அன்றைக்கு ஜனங்கள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் மனதுருகி அவர்களுக்குப் போதித்தார் என்பதும் உண்மை. ஆனால் அவர்களை அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலையின்மேல் ஏறினார். தள்ளிப்போன ஓய்வை அவர் கைவிட்டுவிடவில்லை.

கேள்வி: எல்லாருக்கும் உதவுகிறேன், ஆனால் யாரிடமும் உதவி பெற மனம் ஒப்பவில்லை. இது தாழ்மைதானே?

பதில்: அப்படி எனக்குத் தோன்றவில்லை. தம் கால்களைக் கழுவவிடமாட்டேன் என்று பேதுரு மறுத்ததை இயேசு ஏற்றுக்கொள்ளவில்லை (யோவான் 13:8). அவரே, தங்கள் ஆஸ்திகளால் தமக்கு ஊழியம்செய்த பெண்களின் உதவியைப் பெற்றுக்கொண்டார் (லூக்கா 8:3). எப்போதும் கொடுக்கிறவனாகவே இருக்க விரும்புகிறவன், மற்றவர்களை எப்போதும் கடன்பட்டவர்களாகவே வைத்திருக்கிறான். உங்களை இப்போது அழுத்துகிற ஒரு காரியத்தை நம்பிக்கையான ஒரு சகோதரரிடம் இந்த வாரமே சொல்லி, அவர் செய்ய முன்வரும் உதவியைத் தடுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.