வாடிக்கையாளருக்கு இரவு விருந்து: எந்த உணவகம், எந்த மேசை? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முக்கியமான வாடிக்கையாளர்கள் நால்வரை இரவு உணவுக்கு அழைக்கிறோம். அண்மையில் திறந்த, எல்லோரும் பேசிக்கொள்ளும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: இந்த விருந்துக்கு வேண்டாம். திறந்து சில மாதங்கள்கூட ஆகாத இடத்தில் சமையலறைக்கும் பரிமாறுபவர்களுக்கும் இன்னும் கை கூடியிருக்காது. மூன்று பேருக்குத் தட்டு வந்துவிடும், நாலாவது கால் மணி நேரம் கழித்து வரும். வந்ததைச் சாப்பிடுவதா, காத்திருப்பதா என்று விருந்தினர்கள் தயங்குவார்கள். அதற்குள் உணவும் ஆறும், பேச்சும் அறுந்துபோகும். நீங்கள் குறைந்தது இரண்டு முறையாவது சாப்பிட்ட, மேனேஜருக்கு உங்கள் முகம் தெரிந்த இடமே இதற்குச் சரி. புகழ்பெற்ற சமையல்காரரின் உணவகத்தைவிட, எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவரத் தெரிந்த உணவகம்தான் உங்களுக்கு உதவும்.

கேள்வி: போன முறை போன இடத்தில் ஒரே இரைச்சல், பேசவே முடியவில்லை. முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விருந்து கெடுவதற்கு நாங்கள் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் இயல்பாகப் பேசினால் ஏறக்குறைய 60 டெசிபல். சுற்றிலும் உள்ள சத்தம் 70 டெசிபலைத் தொட்டால் குரலை உயர்த்தாமல் பேச முடியாது. நீங்கள் உயர்த்தினால் பக்கத்து மேசையும் உயர்த்தும், அதைக் கேட்டு அடுத்த மேசையும் உயர்த்தும். சத்தத்துக்கு நடுவே மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே விவரித்திருக்கிறார். மாலை 6 மணிக்கு அமைதியாக இருக்கும் கூடம் 8.30-க்குச் சந்தையாக மாறுவது இப்படித்தான். ஆகவே மதியம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். விருந்து வியாழக்கிழமை என்றால், முந்தின வாரம் வியாழக்கிழமை, அதே நேரத்தில் போய் உட்காருங்கள்.

தரையில் விரிப்பு, ஜன்னலில் கனத்த திரை, துணி போர்த்திய நாற்காலி, கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை இருந்தால் நல்லது. பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், வெறும் கான்கிரீட் கூரை, திறந்த சமையலறை நான்கும் சேர்ந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். போனில் உள்ள டெசிபல் ஆப் துல்லியமாக இருக்காது. ஆனால் 65-க்கும் 78-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. கூட வந்தவரை எதிரே உட்காரவைத்து, சாதாரணக் குரலில் சில தொகைகளையும் தேதிகளையும் சொல்லுங்கள். ‘ஐம்பது’ அவர் காதில் ‘எண்பது’ என்று விழுந்தால் அங்கே விலை பேச முடியாது.

இடம் பிடித்துவிட்டால் மேசை எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்குக் கீழே, பாருக்குப் பக்கத்தில், சமையலறைக் கதவுக்கு எதிரே, கழிப்பறைக்குப் போகும் வழியில், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் உள்ள மேசைகள் வேண்டாம். ‘அமைதியான மேசை’ என்று பொதுவாகச் சொன்னால், அன்றைக்கு எது காலியோ அதுதான் கிடைக்கும்.

கேள்வி: அப்படியானால் தனி அறையே எடுத்துவிடலாமா?

பதில்: ஆறு பேர் வரை கூடத்தின் மூலை மேசையே போதும். பன்னிரண்டு பேருக்கான அறையில் நாலு பேர் உட்கார்ந்தால் நேர்காணல் போல இறுக்கமாகிவிடும். எட்டுப் பேருக்கு மேல் என்றால் அறை எடுங்கள். அதற்கு முன் மூன்று கேள்வி: குறைந்தபட்சம் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? அடுத்த அறையைப் பிரிப்பது சுவரா, மடக்குத் தடுப்பா? சர்வர் உள்ளேயே நிற்பாரா, கூப்பிட்டால் வருவாரா? மடக்குத் தடுப்பாக இருந்து, மறுபக்கம் பிறந்தநாள் கொண்டாட்டம் நடந்தால் கூடத்தைவிட மோசம். வட்ட மேசை என்றால் 150 செ.மீ. குறுக்களவில் எட்டுப் பேர் உட்காரலாம். 180-க்கு மேல் போனால் எதிரே இருப்பவரோடு பேச்சு நின்று, பக்கத்தில் இருப்பவரோடு மட்டும்தான் நடக்கும்.

கேள்வி: ஒருவர் சைவம், ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை என்று கேள்விப்பட்டேன். நேரடியாகக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், கட்டாயம் கேளுங்கள். அழைப்பு மின்னஞ்சலிலேயே ‘உணவில் தவிர்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?’ என்று எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

ஒவ்வாமை உயிர் சம்பந்தப்பட்டது. உணவகத்தில் ‘கடலையை எடுத்துவிட்டுத் தருகிறோம்’ என்றால் அந்தப் பதில் போதாது. கடலை சேர்ந்த பண்டத்தைப் பொரித்த அதே எண்ணெய், அதே கரண்டி, ஆயத்த சாஸ் என்று எதன் வழியாகவும் அது தட்டுக்கு வந்துவிடும். தனி எண்ணெயும் தனிப் பாத்திரமும் உண்டா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் நல்ல சமையலறை தயங்காமல் பதில் சொல்லும். தடுமாறினால் வேறு உணவகம் தேடுங்கள். புக்கிங்கின்போது, முந்தின நாள், மேசையில் ஆர்டர் கொடுக்கும்போது என மூன்று முறை சொல்லுங்கள்.

சைவக்காரருக்கு மெனுவில் குறைந்தது மூன்று முழு உணவாவது இருக்க வேண்டும். மற்றவர்களின் தட்டில் ஓரமாக வைக்கும் காய்கறியையே அவருக்குப் பெரிய தட்டில் கொடுப்பது விருந்தாகாது.

கேள்வி: பில் வரும் நேரத்தில் எப்போதும் சங்கடமாகிறது. வழி உண்டா?

பதில்: பில் மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய் மேனேஜரிடம் கார்டைக் கொடுத்துவிட்டு, டிப்ஸ் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுக்க நேரும். இனிப்பு பரிமாறும் நேரத்தில் எழுந்துபோய் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். கார்டின் வரம்பை முந்தின நாளே பாருங்கள், இன்னொரு கார்டும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: விலை உயர்ந்த இடமாக இருந்தால் மரியாதைதானே?

பதில்: அளவு மீறினால் விருந்தினருக்குத்தான் சிக்கல். பல நிறுவனங்களில் வெளியார் தரும் விருந்துக்கு உச்சவரம்பு உண்டு. அரசு அதிகாரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் 1977 வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டமும் பிரிட்டனின் 2010 லஞ்சத் தடுப்புச் சட்டமும் நாட்டுக்கு வெளியே நடப்பதையும் விசாரிக்க இடம் தருகின்றன. டெண்டர் முடிவாகாமல் இருக்கும்போது விருந்தைத் தள்ளிப்போடுங்கள். மேசையில் முதலில் நீங்களே ‘நான் இதை எடுத்துக்கொள்கிறேன்’ என்று நடுத்தர விலைக்குச் சற்று மேலான ஒன்றைச் சொன்னால், எதுவரை ஆர்டர் கொடுக்கலாம் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்குகிறார்கள். எத்தனை மணிக்கு வைப்பது?

பதில்: 7 மணி. பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகளாக வரும் டேஸ்டிங் மெனு வேண்டாம், அது மூன்று மணி நேரத்தைத் தாண்டும். மூன்று சுற்றில் முடியும் உணவு என்றால் 9-க்கு எழுந்துவிடலாம். அவர்கள் தங்கும் ஹோட்டலிலிருந்து காரில் 15 நிமிடத்துக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். மேசையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த புக்கிங் 8.30-க்கு இருந்தால், நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சர்வர் வந்து நிற்பார்.