ரத்த வகையைப் பொறுத்து சிறுநீரகப் புற்றுநோயின் போக்கு மாறுமா?
சிவப்பணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளை வைத்துத்தான் ஏ, பி, ஏபி, ஓ என்று பிரிக்கிறோம். இவை ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் உண்டு. அப்புறம், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் ஓ வகையினருக்கு மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் ரத்தக் குழாய் வழியாகப் பரவுவது. அதனால்தான் இந்தச் சந்தேகமே வந்தது.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்த சில ஆய்வுகளில், ஓ அல்லாதவர்களின் ஆயுள் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. என் பார்வையில், இதை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. கிரிக்கெட்டில் டாஸ் மாதிரி: கொஞ்சம் உதவலாம், ஆனால் ஆட்டத்தை முடிவு செய்வது பேட்டிங்கும் பந்துவீச்சும். இங்கே அவை கட்டியின் அளவு, பரவிய நிலை, நுண்ணோக்கியில் செல்கள் தெரியும் விதம், நோயாளியின் உடல்நிலை. மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிப்பதும் இவற்றைப் பார்த்துத்தான்.

‘ஓ வகைக்காரருக்கு இந்தப் புற்றுநோய் வராது’ என்று சிலர் நம்புவது தவறு. எந்த வகையினருக்கும் வரும், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் யாராக இருந்தாலும் உடனே பரிசோதிக்க வேண்டும்.