அக்காகிட்ட கேளுங்க: புரட்டாசியில ஒரு மஞ்சக் குருவி

கேள்வி: அக்கா, பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் 300 எம்எம் லென்ஸோட கேமரா வாங்கிக் கொடுத்தார். குருவிய எடுத்தா வெறும் மஞ்சக் கறையாத்தான் விழுது, இப்ப அவரே சிரிக்கிறார். இன்னும் பெரிய லென்ஸ் வாங்கணுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க தங்கச்சி, அந்தக் காசுக்கு தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கோங்க. நாம புரட்டாசி விரதம் இருக்கிற இந்த மாசம்தான் டர்பன்ல வசந்தம், தூக்கணாங்குருவிக்கு இது கல்யாண சீசன். கூடு தொங்குற ஒரு மரத்தைப் பிடிச்சு அதுக்குக் கீழயே உக்காந்துடுங்க. குருவி பின்னாடி ஓடினா கறைதான் விழும், நானும் முதல் வருஷம் ஓடி ஓடி எடுத்ததுல பாதிப் படத்துல வெறும் றெக்கைதான் இருந்துச்சு.

ஆண் குருவிக்கு கருப்பு முகம், சிவப்புக் கண்ணு. ஓலையோட ஓரத்தைக் கடிச்சுக்கிட்டு அப்படியே பறக்கும், நார் சர்ருனு கிழிஞ்சு கூடவே வரும், அதை வெச்சுத்தான் பின்னும். பின்னி முடிச்சதும் கூட்டுக்கு அடியில தலைகீழா தொங்கி றெக்கையைப் படபடன்னு அடிச்சு பொண்ணைக் கூப்பிடும். பொண்ணு உள்ள போய்ப் பார்த்து, பிடிக்கலன்னா போயிட்டே இருக்கும். யாரும் சீண்டாத பழைய கூட்டை அவனே பிச்சுப் போட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பான், பாவம், நம்ம வீட்டு மாப்பிள்ளைங்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது!

அந்தப் படபடப்பு வேணும்னா ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில வைங்க, வெயில் உங்க முதுகுல படணும், ஃபோகஸ் கண்ணு மேல இருக்கணும். காலைல 8 மணிக்குள்ள எடுத்துடுங்க, அதுக்கப்புறம் வெளிச்சம் சுள்ளுனு அடிச்சு மஞ்சளை வெளுக்க வெச்சிடும். மறைக்குதேன்னு கிளையை ஒடிக்காதீங்க, கூடு காக்காய்க்கு நல்லா தெரிஞ்சுடும். உங்க பக்கத்துலயே சில்வர்க்ளென் காடு இருக்கு, ஆனா கேமராவோட தனியா போகாதீங்க, சிரிக்கிற அந்த மனுஷனையே ஃபிளாஸ்க் தூக்க வைங்க. காட்டுல மூணு சுரமா இறங்கி இறங்கி ஒரு குரல் விடாம கேட்டா அது வசந்தத்துக்கு இங்க வர்ற குயில், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில 'பீட்-மை-ஃப்ரோ'ன்னு சொல்லுவாங்க. நம்ம குயில் மாதிரியே அடுத்தவன் கூட்டுலதான் முட்டை போடும், கண்ணுக்கும் லேசுல சிக்காது.

கேள்வி: விடியுறதுக்குள்ள ஹடீடான்னு அந்த நீள அலகுப் பறவை கத்தி எழுப்பி விடுதே அக்கா, அதையும் படம் எடுக்கணுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தூக்கம்தான் போயிடுச்சே, எழுந்து எடுங்க! தூரத்துல சாம்பல் பூசின மாதிரிதான் தெரியும், காலை வெயில் சாய்வா விழுறப்ப றெக்கையைப் பாருங்க, பச்சையும் ஊதாவும் பட்டுப் புடவை மாதிரி மின்னும். புல்லுக்குள்ள அலகை விட்டுக் குத்திக்கிட்டே போகுதே, மண்ணுக்குள்ள புழு அசையுறதை அந்த அலகு நுனியிலயே உணர்ந்துடும். புழு வெளிய வர்ற அந்த நொடிக்கு விரலை ஷட்டர் மேலயே வெச்சிருங்க.