டச்சில் 'எனக்குப் பிடிக்கும்' என்பதை எப்படிச் சொல்வது?

'பிடிக்கும்' என்று பொருள்படும் 'ஹௌடன் ஃபன்' என்ற டச்சுத் தொடரை எல்லா இடத்திலும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், தவறில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் டச்சுக்காரர்கள் அதிகம் நாடுவது வேறு இரண்டு வழிகளை.

ஒரு செயலைச் செய்யப் பிடிக்கும் என்றால் வினையோடு 'க்ராக்' சேர்த்தால் போதும். 'இக் ஸ்வெம் க்ராக்': எனக்கு நீந்தப் பிடிக்கும். பிடிக்காது என்றால் 'நீட் க்ராக்'. இந்தச் சின்னச் சொல்லை முதலில் பழகிக்கொள்ளுங்கள். கடையில் 'இக் வில் க்ராக் கோஃபி' என்றால் அதுவே மரியாதையாகக் காபி கேட்பதாகிவிடும்.

ஒரு பொருளைப் பற்றி என்றால் 'ஃபின்டன்' என்ற வினை வரும். அதோடு, எப்படிப் பிடிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். உணவுக்கு 'லெக்கர்', விளையாட்டு போன்றவற்றுக்கு 'லோய்க்', அழகானதற்கு 'மோய்'. 'இக் ஃபின்ட் காஸ் லெக்கர்' என்றால் எனக்குச் சீஸ் பிடிக்கும். இந்தப் பெயரடை கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள். நாம் 'எனக்கு' என்போம். அங்கே 'இக்', அதாவது நான்தான் எழுவாய்.

அப்புறம், ஒன்றைவிட மற்றொன்று பிடிக்கும் என்றால் 'க்ராக்' என்பது 'லீஃபர்' ஆகும்: 'இக் ட்ரிங்க் லீஃபர் டே டன் கோஃபி', காபியைவிட டீ குடிக்கவே விருப்பம். எல்லாவற்றையும்விட என்றால் 'ஹெட் லீஃப்ஸ்ட்'.