வன்னியில் பூக்கன்றுப் பண்ணை போட்டால் பிழைக்குமா?

உங்கள் கேள்வி நீளம். நான் விளங்கிக்கொண்டது இது: கனடாவில் ஒருதரம் நட்டால் வருடாவருடம் தானாக முளைத்துப் பூக்கும் செடிகளை மட்டும் விற்கும் நேர்சரி ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கம் தம்பியின் காணி ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் இப்படி ஒன்று போட்டால் சரிவருமா, அடுத்தமுறை வரும்போது பியோனி, ஹொஸ்டா கிழங்குகளைச் சூட்கேசில் கொண்டுவரலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் இரணைமடுப் பக்கம் பூக்கன்று விற்கிறேன். மீள்குடியேறி வந்தபிறகு, வெறும் பால்மாப் பைக்கற்றுகளில் மண் நிரப்பிச் செவ்வரத்தைத் தடி ஊன்றித் தொடங்கியது.

சூட்கேஸ் கதையை முதலில் முடிப்போம். கொண்டுவராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கன்றோ கிழங்கோ கொண்டுவந்தால் கட்டுநாயக்காவிலேயே எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்டாலும் வீண்தான். பியோனிக்கு மாதக்கணக்கில் கடும் குளிர் வேண்டும், அந்தக் குளிரில் கிடந்து எழும்பினால்தான் மொட்டு வைக்கும். எங்கட மார்கழிப் பனிக்கு அது கொட்டாவிகூட விடாது.

அங்கே செடி உறங்குவது பனிக்குள். இங்கே உறங்குவது வெயிலுக்குள். கார்த்திகைப்பூவை நினைத்துப் பாருங்கள். மாரி முடிந்து கொடி காய்ந்தபிறகு அந்த இடத்தில் ஒன்று இருந்ததே தெரியாது. கோடை முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் வேலியோரம் முளை கிளம்பி, இலை நுனியையே சுருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும். கனடாக்காரர் சொல்கிற பல்லாண்டுச் செடி எங்களுக்கு இதுதான். நானும் கொஞ்சம் பையில் வைத்து விற்கிறேன். ஆனால் கிழங்கு கடும் நஞ்சு, சின்னப்பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கேட்டாலும் கொடுப்பதில்லை. போரில் மாண்ட போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள், நவம்பர் 27, வருகிற வாரத்தில் பூக்கேட்டு வருகிற அம்மாக்களிடம் விலை சொல்ல எனக்கு வாய் வராது, அந்த வாரக் கணக்கைக் கொப்பியில் எழுதுவதுமில்லை.

இனி நான் பட்ட அடி. தொடங்கி இரண்டாம் வருடம், மலைநாட்டில் இருந்து ஒருவர் லொறியில் ரோசாவும் அந்தூரியமும் கொண்டுவந்தார். இலையெல்லாம் எண்ணெய் பூசினமாதிரி. கடன்பட்டு 300 கன்று வாங்கினேன். தை, மாசியில் நல்ல விற்பனை. வைகாசியில் சோளகம் எழும்பியது. அந்தக் காற்று எப்படியென்று உங்களுக்கு மறந்திருக்கலாம்: பகல் முழுக்கப் புழுதியோடு அடிக்கும், செடியிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இலை விளிம்பு கடதாசி எரிந்தமாதிரிச் சுருண்டது. ஆடிக்குள் என்னிடம் மிஞ்சியது பதினொன்று. என்னிடம் வாங்கிய ரீச்சர் ஒருவர் காய்ந்த தடியோடு சட்டியை ஓட்டோவில் கொண்டுவந்து படலையடியில் இறக்கினா. ஒன்றும் பேசவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் வெளிக்கன்று வாங்கி விற்பதில்லை. எல்லாம் என்னுடைய தாய்ச்செடியில் இருந்து வெட்டுவது: செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, மல்லிகை, கடதாசிப்பூ (போகன்வில்லா), தேமா. கேட்டால் "இது எல்லா வீட்டிலும் நிற்கிறதுதானே" என்பார்கள். எல்லா வீட்டிலும் நிற்கிறது என்றால், ஆவணி வெயிலுக்குத் தப்பி நிற்கிறது என்று அர்த்தம்.

செவ்வரத்தைத் தடி எப்படி வெட்டுவது என்று சொல்கிறேன், தம்பிக்கு உதவும். பென்சில் மொத்தத்தில், அரை முற்றல் கொம்பு. பச்சைத் தளிரும் வேண்டாம், மரமாகிப் போனதும் வேண்டாம். ஒரு சாண் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டு. மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் வருமுன் இலை தண்ணியைக் குடித்துவிடும். மணலும் தும்புச்சோறும் (தேங்காய்த் தும்புத் தூள்) சமமாகக் கலந்து, வேம்பு நிழலில் வைத்து, ஈர்க்கு வளைத்துப் பொலித்தீன் மூடினால் மூன்று நான்கு கிழமை. பிறகு இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். தடி வரமாட்டேன் என்று பிடித்தால் வேர் வந்துவிட்டது. அலரிக்கு இவ்வளவு சீராட்டு வேண்டாம். அதைக் கட்டாக்காலி மாடும் கடிக்காது என்பதால் வேலிக்கென்றே வாங்குகிறார்கள். கடதாசிப்பூதான் சண்டித்தனம், பத்துத் தடி ஊன்றினால் எனக்கு ஆறு பிழைக்கும். அதற்கு மேலே தண்ணியைக் கூட்டினால் இலையாகத் தள்ளும், காயவிட்டால்தான் பூக்கும்.

பையை அடிக்கடி தூக்கி இடம் மாற்றாவிட்டால் வேர் பையின் அடியைத் துளைத்து நிலத்துக்குள் போய்விடும். வாங்க வந்தவர் முன்னால் பிடுங்கினால் அந்த வேர் அறும், கன்று நாலாம் நாள் வாடும். புதிதாகப் பண்ணை போடுகிறவர்கள் விடுகிற பிழைகளில் இது முக்கியமானது.

விற்பதற்கு ஒரு மாதம் முன்பே கன்றை நிழல்வலைக்கு வெளியே எடுத்து, தண்ணியை இரண்டு நாளுக்கு ஒருதரமாகக் குறைப்பேன். இலை கொஞ்சம் வெளிறும். அப்போது வருகிறவர்கள், "அக்கா, இது வாடினமாதிரிக் கிடக்கு, உள்ளுக்க நிக்கிற வடிவான கன்றைத் தாங்கோ" என்பார்கள். "உள்ளுக்க நிக்கிறது உங்கட முத்தத்து வெயிலுக்கு மூண்டு நாள் தாங்காது தங்கச்சி, இது வெயில் திண்டது" என்பேன். பாதிப்பேர் முகத்தைச் சுழித்துக்கொண்டு போவார்கள். வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வருடம் அயலவரையும் கூட்டிவருவார்கள்.

தண்ணிக் கணக்கை முதலில் போடுங்கள். 2000 பைக்கு நேரத்துக்கு அரை லீற்றர், காலை மாலை என்றால் ஒரு நாளைக்கு 2000 லீற்றர். அதை மாரியில் யாரும் இறைக்கலாம். ஆவணி, புரட்டாதியில் தம்பியின் கிணறு அதைத் தருமா? தண்ணியின் குணமும் பார்க்க வேண்டும். எனக்கு எக்சோரா மட்டும் மஞ்சளடித்துக்கொண்டே இருந்தது, இலை நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள். யூரியா போட்டேன், திரும்பவில்லை. விவசாயப் போதனாசிரியர் வந்து செடியைப் பார்க்கவில்லை, குசினியில் கேத்திலைத் திறந்து அடியில் படிந்திருந்த வெள்ளைக் கல்லைக் காட்டினார். சுண்ணாம்புத் தண்ணியில் அந்தச் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாதாம். இப்போது கூரைத் தண்ணியைச் சேர்த்து நாலைந்து தாய்ச்செடிக்கு மட்டும் விடுகிறேன்.

வெறும் பூ விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புளியம்பொக்கணைக் கோயிலுக்குப் பங்குனியிலும் வற்றாப்பளைக் கோயிலுக்கு வைகாசியிலும் பொங்கல் வரும்போது மல்லிகை கேட்டுத் தேடி வருவார்கள். மற்ற நாளில் செவ்வாய், வெள்ளிக் கோயில் பூதான். விடியமுன் மொட்டாக ஆய வேண்டும், ஆய ஆள் வேண்டும், மதியத்துக்குள் விரிந்துவிட்டால் கேட்பாரில்லை. கன்று அப்படியல்ல. இந்த வருடம் 150 ரூபாவுக்குப் போகாத நந்தியாவட்டை அடுத்த வருடம் பெரிய பைக்கு மாறி 300க்குப் போகும். நான் பூவைச் செலவுக்கும் கன்றைச் சேமிப்புக்கும் வைத்திருக்கிறேன்.

கன்று போகிற காலம் ஐப்பசி நடுவில் இருந்து தை வரை. கார்த்திகை இங்கே மரநடுகை மாதம், பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் மொத்தமாகக் கேட்பார்கள். அதற்குத் தடி ஊன்றுவது தையில், மழை ஈரம் இருக்கும்போதே. அதாவது தம்பி இந்தத் தையில் ஊன்றினால் காசைக் காண்பது வருகிற கார்த்திகையில். இடையில் ஒரு முழுக் கோடை.

ஆகவே இப்போதைக்குப் பெரிய காசு அனுப்பாதீர்கள். தம்பி அந்தக் காணியிலேயே குடியிருக்கிறாரா என்று கேளுங்கள், நாளுக்கு இரண்டுமுறை ஓட்டோ பிடித்து வந்து தண்ணி விட முடியாது. இருக்கிறார் என்றால் ஒரு தண்ணித் தாங்கிக்கும் இருபது தாய்ச்செடிக்கும் மட்டும் அனுப்புங்கள். தடி என்னிடமும் வந்து வெட்டிக்கொண்டு போகலாம், அதற்குக் காசு வேண்டாம். வருவதென்றால் ஒருக்கா ஆவணியிலும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கார்த்திகையில் எல்லாப் பண்ணையும் வடிவாகத்தான் இருக்கும்.