முகம் சுளிக்காதவருக்கு லீவு உண்டா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் நண்பர், அங்கே நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் ஓய்வெடுக்கவும் பணம் கிடைக்கிறது என்றார். கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. பக்கவாதம் வந்து என் தாயார் நான்கு வருடமாகப் படுத்த படுக்கை. என் மனைவிதான் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்கிறாள். பெற்றவர்களைப் பார்க்கக் காசும் லீவும் கேட்பது நம் பண்பாட்டுக்கு அடுக்குமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாயார் உங்களுடையவர். முகம் சுளிக்காதவர் உங்கள் மனைவி. கடிதம் எழுத நேரம் கிடைத்தது உங்களுக்கு. அடுக்குமா அடுக்காதா என்பதை உங்கள் மனைவியிடம் கேட்டு எழுதியிருக்கலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் உங்கள் வீட்டில் எழுந்திருப்பது யார்? மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதாக இருந்தால் தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், ஊற்றிய பிறகும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். இதையெல்லாம் தெரிந்த ஆள் வீட்டில் ஒருவர்தான் என்றால் அவரால் தெருமுனைக் கடைக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது. தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறுகிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பண்பாடு.

உங்கள் நண்பர் சொன்னது உண்மை. ஆனால் அது தர்மக் காசு அல்ல. 1995இல் அங்கே பராமரிப்புக் காப்பீடு வந்தது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்கள். வீட்டில் பார்ப்பவர் ஊருக்குப் போனாலோ காய்ச்சலில் விழுந்தாலோ மாற்று ஆள் வைக்கலாம், அல்லது நோயாளியைக் கொஞ்ச நாள் ஒரு இல்லத்தில் விடலாம். இதற்கென்று 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 3,539 யூரோ வரை, எட்டு வாரம் வரை உண்டு. இத்தனையும் வாங்கிக்கொண்டு பெற்றவர்களை இல்லத்தில் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பராமரிப்பு தேவைப்படுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அங்கேயும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. நல்ல திட்டம், ஆனால் நோயாளி பேரில் வருவது. மருந்துக்கும் டயப்பருக்குமே பற்றாது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாய், கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். யார் கழிக்கலாம்? சம்பாதிக்கும் மகன். கஞ்சி ஊற்றும் மருமகளுக்குச் சம்பளமும் இல்லை, கழிக்க வரியும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாலு நாள் உட்கார்ந்திருக்க அவர்களால் ஆகாது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘சமர்த்’ திட்டத்தில் தற்காலிகத் தங்குமிடம் உண்டு. ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். பக்கவாதப் பாட்டிக்கு அங்கே இடமில்லை.

சட்டத்தைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கைவிடாமல் பார்ப்பவருக்கு என்ன என்று அது வாயே திறக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது, அதையும் அரசின் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’. பக்கத்துக் கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ என்று ஒரு திட்டம். மாதம் 600 ரூபாய்தான், அதுவும் நிலுவை விழுந்து போராட்டம் வரை போயிருக்கிறது. ஆனாலும் அது படுத்திருப்பவருக்கு அல்ல, பார்ப்பவருக்கு. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைச் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் இந்தத் தொகையை 600இலிருந்து 1,000 ஆக்குங்கள் என்று கேட்பதைவிட நாள் கணக்கில் கேட்பது நல்லது. ஆண்டுக்கு இத்தனை நாள் பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கு வர வேண்டும், அல்லது அரசு மருத்துவமனையில் அத்தனை நாள் ஒரு கட்டில் வேண்டும். கையில் காசாகத் தந்தால் அது அரிசியிலும் ஸ்கூல் ஃபீஸிலும் கரையும், அந்தப் பெண் அதே கட்டிலோரத்தில்தான் இருப்பாள்.

அரசு செய்யும்வரை உங்களுக்கு ஒரு வேலை. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும்; உதவித்தொகை வாங்கவில்லை என்றால் அங்கே விண்ணப்பம் கொடுங்கள். பிறகு உங்கள் ஆபீஸில் ஒரு வாரம் லீவு போடுங்கள். குழாயில் ஊற்றுவது எப்படி, புரட்டுவது எப்படி என்று மனைவியிடம் கற்றுக்கொண்டு, அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புங்கள். எட்டாம் நாள் இதே கேள்வியை எழுதினால் பிரசுரிக்கிறேன்.