பதிமூணு ஜெர்சி போட்ட ஆளு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்.பி.ஏ.ல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) இஷ் ஸ்மித்னு ஒரு பிளேயர் 13 டீம்ல ஆடியிருக்காராமே? ஒரு டீம்லகூட நிலைக்கலன்னா ஆட்டம் சுமார்தானே, அப்புறம் ஏன் கூப்பிடுறாங்க?

பதில்: சுமாரான ஆளுன்னா ரெண்டாவது டீமோட கதை முடிஞ்சிருக்கும் சார். மொத்தமே 30 டீம், ஒரு டீமுக்கு 15 பேர்தான் ரெகுலர் கான்ட்ராக்ட். 2010 டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது ஆளுங்களைப் பொறுக்குற ஏற்பாடு) 60 பேரை எடுத்தாங்க, அந்த 60ல இவர் பேரு இல்ல. வேக் ஃபாரஸ்ட் காலேஜ்ல நாலு வருஷம் ஆடிட்டு, ஆறடி உயரத்தோட (அந்த ஊர் கணக்குல அது குள்ளம்) ஹூஸ்டன் டீம்ல சேர்ந்தார். அங்க ஆரம்பிச்ச ஓட்டம் 2024 வரைக்கும் போச்சு.

அவர்கிட்ட இருந்த சரக்கு வேகம். பந்தைக் கையில வாங்குன அடுத்த நிமிஷம் எதிராளியோட கூடைக்குக் கீழ நிப்பார். தூரத்துல இருந்து எறியுற த்ரீ பாயிண்டர் மட்டும் அவ்வளவா கைகொடுக்கல, அதனாலதான் ஸ்டார் ஆகல. ஆனா மெயின் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துறவர்) மூச்சு வாங்க உட்கார்றப்போ உள்ள வந்து, ரெண்டாம் செட் ஆளுங்களை வச்சு ஆட்டத்தை ஓட்டணும், புது டீமோட பிளே (முன்கூட்டியே போட்டு வச்ச ஆட்டத் திட்டம்) எல்லாத்தையும் ரெண்டு மூணு நாள்ல மண்டையில ஏத்திக்கணும், அதுக்கு இவரை மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம்.

2015 டிசம்பர்ல ஃபிலடெல்பியா 31 மேட்ச்ல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சு நாறிக்கிட்டு இருந்துச்சு. அப்போ ரெண்டு டிராஃப்ட் பிக், அதாவது டிராஃப்ட்ல ஆள் எடுக்குற உரிமை, குடுத்து நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து இவரைத் தூக்கிட்டு வந்தாங்க. அந்த சீசனை 10 வெற்றி, 72 தோல்வியோட முடிச்சாங்க. கேவலம்தான், ஆனா 31க்கு 1ஐ விட தேவலாம்ல!

கேள்வி: ஒரு டீம் தன் ஆளை இன்னொரு டீமுக்கு மாத்தி டிரேட் பண்ணா, போக மாட்டேன்னு சொல்ல முடியாதா?

பதில்: முடியாது. கான்ட்ராக்ட் எங்க போகுதோ ஆளும் அங்க போகணும். நோ டிரேட் கிளாஸ்னு (என் சம்மதம் இல்லாம டிரேட் பண்ணக் கூடாதுங்கிற ஷரத்து) ஒண்ணு எழுதி வாங்கலாம், ஆனா அதுக்கு லீக்ல எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கணும், அதுல நாலு வருஷம் அதே டீம்ல ஆடியிருக்கணும். இங்கதான் வயித்தெரிச்சல். ஊர் ஊரா அலையுறவனுக்குத்தான் அந்த உரிமை தேவை, ஊர் ஊரா அலையுறவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இஷ் ஸ்மித் தொடர்ந்து அதிகமா தங்குனது டெட்ராய்ட்ல, 2016ல இருந்து மூணு சீசன், மூணு வருஷத்துக்கு 1.8 கோடி டாலர். அவர் நிம்மதியா பெட்டியைப் பிரிச்சு வச்சது அங்கதான்னு நான் நினைக்கிறேன்.

மத்தபடி மளிகைக் கடையில சில்லறை இல்லன்னா ஒரு சாக்லேட்டைத் திணிப்பாங்களே, பல டிரேட்ல இவர் அந்த சாக்லேட்டு. 2011ல ஷேன் பேட்டியர் மெம்பிஸ் போனார், கூடவே இவரும். 2013ல ஜே.ஜே. ரெடிக் மில்வாக்கி போனார், கூடவே இவரும். 2015 பிப்ரவரில ஓக்லஹோமா இவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்புச்சு, அவங்க ஒரு மேட்ச்கூட ஆடவிடாம கழட்டிவிட்டாங்க, ஃபிலடெல்பியா எடுத்துக்கிச்சு, அடுத்த சீசன் ஆரம்பிக்கிறப்போ பார்த்தா அதே நியூ ஆர்லியன்ஸ் திரும்ப சேர்த்துக்கிச்சு, டிசம்பர்ல மறுபடியும் ஃபிலடெல்பியா. எனக்கே டைப் பண்ணும்போது தலை சுத்துது.

கேள்வி: பத்து நாள் கான்ட்ராக்ட்னு ஒண்ணு இருக்காமே, கூலி வேலை மாதிரியா?

பதில்: கிட்டத்தட்ட. ஜனவரி 5க்கு அப்புறம் டீமுங்க இப்படி ஆள் எடுக்கலாம். பத்து நாள், இல்லன்னா மூணு மேட்ச், எது அதிகமோ அது. ஒரு சீசன்ல ஒரே டீம் ஒரு ஆளை ரெண்டு தடவைதான் இப்படி வச்சுக்க முடியும், மூணாவது தடவை வேணும்னா மிச்ச சீசனுக்கு கையெழுத்து போடணும், இல்ல போயிட்டு வாங்கன்னு அனுப்பணும். வீட்டு வாடகை அட்வான்ஸ் குடுக்குறதா ஹோட்டல்ல தங்குறதான்னே அந்த ஆளுக்குத் தெரியாது.

கேள்வி: 13 டீம் ரெக்கார்டா? கப்பாவது அடிச்சாரா?

பதில்: ரெக்கார்டேதான். அதுக்கு முன்னாடி சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் நாலு பேரும் 12ல நின்னாங்க. 2022ல டென்வர் போனப்போ இவர் தாண்டிட்டார். அந்த சீசனே டென்வர் மியாமியை 4-1னு அடிச்சு முதல் கப்பைத் தூக்குச்சு. கப்புக்கான கடைசிச் சுற்றுகள், அதான் பிளே ஆஃப், அதுல இவர் பெரும்பாலும் பெஞ்ச்தான், அது உண்மை. ஆனா கப் அடிச்ச டீமுக்கு மோதிரம் குடுக்குறப்போ எத்தனை நிமிஷம் ஆடுனேன்னு யாரும் கேக்குறதில்ல.

அடுத்த சீசன் சார்லட். அவர் பொறந்த ஊரு. 2021லயும் அங்க ஆடுனார், அப்போ பாதி சீசன்ல வாஷிங்டனுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. இந்தத் தடவை யாரும் டிரேட் பண்ணல.